வெளுக்கும் புத்தர்

தமேல்

காத்மாண்டுவில் வெளிநாட்டுப் பயணிகள் மொய்க்கும் பகுதி தமேல். மலையேற்றச் சாமான், பஷ்மினா சால்வை, குக்ரி கத்தி என்று விற்கும் கடைகளுக்கு நடுவில், கையை நீட்டினால் இரண்டு பக்கச் சுவரும் தட்டுப்படும் அகலத்தில் டி-ஷர்ட் கடைகள் செருகிக் கிடக்கின்றன. வாசலிலேயே தையல் மெஷின். ஒருவர் உட்கார்ந்து, வளையத்தில் இறுக்கிய கறுப்புத் துணியை இரண்டு கையாலும் நகர்த்தியபடி புத்தரின் கண்களைத் தைத்துக்கொண்டிருந்தார். துணியில் கோடு எதுவும் போட்டிருக்கவில்லை. முழங்காலால் ஒரு தகட்டைத் தள்ளினால் ஊசியின் ஆட்டம் அகலமாகிறது, விட்டால் குறுகுகிறது. புருவம் மெல்லிசாகத் தொடங்கி, நடுவில் தடித்து, மறுபடி மெலிந்து முடிவது முழுக்க முழங்காலின் கைங்கர்யம்.

நான் திருப்பூர்க்காரன். இந்தியாவின் பின்னலாடை ஏற்றுமதியில் பாதிக்கு மேல் அங்கிருந்துதான் போகிறது. எங்கே போனாலும் பனியனைக் கண்டால் முதலில் உள்பக்கம் திருப்பித் தையலைப் பார்க்கிற வியாதி எங்கள் ஊரில் எல்லோருக்கும் உண்டு. எங்களிடம் ஒரு டிசைன் ஓகே ஆகிவிட்டால் பத்தாயிரம் பீஸிலும் அச்சு அசலாக ஒரே மாதிரி இருக்க வேண்டும். இல்லாவிட்டால் செக்கிங்கில் ஓரங்கட்டிவிடுவார்கள். இவரோ அடுத்தடுத்துத் தைத்த இரண்டு பனியன்களில் ஒன்றில் புத்தர் விழித்திருந்தார், இன்னொன்றில் லேசாகச் சொக்கியிருந்தார். யாரும் குறை சொல்வதாகத் தெரியவில்லை.

பீகார், ஒடிசா தொழிலாளர்களோடு பேசிப் பழகிய இந்தி எனக்குக் கை கொடுத்தது. மெஷின்காரர் தெற்கே தராய் சமவெளியிலிருந்து வந்தவர், முஸ்லிம். இந்தக் கண்களைத் தைத்தே இரண்டு மகள்களைப் படிக்க வைத்ததாகச் சொன்னார். அதிகம் போவது கண்கள்தான். அடுத்தது ‘ஓம் மணி பத்மே ஹூம்’, அப்புறம் யாக் மாடு, டின்டின் படக்கதை அட்டை. மலையேறிவிட்டு வருகிறவர்கள் தாங்கள் நடந்த பாதையை முதுகில் தைத்துக்கொண்டு போவார்கள்.

“புத்தர் உருவமே கேட்டால்?”

“நெஞ்சில் தைப்பேன். முதுகில் வேண்டாம் என்பேன், நாற்காலியில் சாய்வார்கள் இல்லையா? இடுப்புக்குக் கீழே எவ்வளவு கொடுத்தாலும் தைப்பதில்லை.”

இந்த எல்லைக்கோடு நாட்டுக்கு நாடு மாறுகிறது. தாய்லாந்தில் ‘புத்தர் அலங்காரப் பொருள் அல்ல’ என்ற பொருளில் பயணிகளுக்குப் பெரிய பெரிய பலகைகள் வைத்திருக்கிறார்கள். இலங்கையில் 2014-ல், கையில் புத்தரைப் பச்சை குத்தியிருந்த பிரிட்டிஷ் பெண் ஒருவரைப் பிடித்து வைத்து நாடு கடத்தினார்கள்; 2017-ல் அந்நாட்டு உச்ச நீதிமன்றமே அது தவறென்று அவருக்கு இழப்பீடு கொடுக்கச் சொன்னது. புத்தர் பிறந்த லும்பினியைத் தன் மண்ணில் வைத்திருக்கும் நேபாளம் இந்த விஷயத்தில் தாராளம்.

கிளம்பும்போது மெஷின்காரர்தான் அந்தத் தகவலைச் சொன்னார். பாடனில் ஒரு பெண் டிசைனர் இருக்கிறாராம். எல்லோரும் கண்களைக் கேட்கும்போது அவர் மட்டும் ஆளில்லாத வெறும் பீடத்தைத் தைத்துத் தரச் சொல்லிக் கட்டுக்கட்டாகத் துணி அனுப்புகிறாராம். “புத்தர் எங்கே என்று கேட்டேன். அவர் முதலில் வந்துவிட்டுப் போய்விடுவார் என்கிறார்.”

ஸ்வயம்பு

பாடனுக்குப் போகும் முன், அசல் கண்களைப் பார்த்துவிடலாம் என்று மேற்கே ஸ்வயம்புநாத் குன்றில் ஏறினேன். செங்குத்தான படிகள், 365 என்பது ஊர்க்கணக்கு. குரங்குகள் நடுக் கைப்பிடிக் கம்பியில் சறுக்கி இறங்கின. படி முடிகிற இடத்தில் பிரதாப மல்லர் என்ற அரசர் பதினேழாம் நூற்றாண்டில் வைத்த பெரிய வஜ்ராயுதம். அதற்குப் பின்னால் வெள்ளைக் குவிமாடம், அதன் மேல் பொன்முலாம் பூசிய சதுரம், நாலு பக்கமும் கண்கள். மூக்கு இருக்க வேண்டிய இடத்தில் சுழித்துக்கொண்டிருப்பது நேபாளி எண் ஒன்று. அதற்கு மேலே அடுக்கியிருக்கும் பதின்மூன்று வளையங்களும் ஞானத்துக்கான பதின்மூன்று நிலைகள் என்கிறார்கள்.

ஸ்தூபிக்குப் பக்கத்திலேயே ஹாரிதி கோயில். அம்மை நோய்க்கான தெய்வம். இந்துக்களும் பௌத்தர்களும் ஒரே வரிசையில் முட்டையும் பூவும் வைத்துக்கொண்டு நின்றார்கள். நம் மாரியம்மன் கோயில் வாசலில் நிற்கிற அதே முகங்கள். குழந்தையை இடுப்பில் இடுக்கிய விதம்கூட அதுவேதான்.

சுற்றிவந்தவர்களில் பாதிப்பேர் மார்பில் அந்தக் கண்கள். துவைத்துத் துவைத்துப் பஞ்சு கிளம்பிய பனியனிலும் நூல் மட்டும் பளிச்சென்று இருந்தது. பாலியஸ்டர் நூல் அவ்வளவு சுலபத்தில் சாகாது. அரிசி மாவில் வளையமாகச் சுட்ட சேல் ரோட்டி இரண்டைத் தின்று டீ குடித்துவிட்டு இறங்கினேன்.

பாடன்

பாடனுக்குப் பாக்மதி ஆற்றைத் தாண்ட வேண்டும். பாலத்தில் போகும்போது மூக்கைப் பொத்திக்கொண்டார் டாக்ஸிக்காரர். எனக்கு அது தேவைப்படவில்லை. நொய்யல் கரையில் வளர்ந்தவன். சாயக்கழிவைக் காரணம் காட்டி 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மொத்தமாக மூடச் சொல்லும் வரை, அந்த வாரம் எந்த நிறம் ஓடுகிறது என்பதை ஆற்றைப் பார்த்தே சொல்லிவிடலாம்.

பாடன் கைவினைக்காரர்களின் ஊர். பன்னிரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்ததாகச் சொல்லப்படும் ஹிரண்யவர்ண மகாவிகாரத்துக்குள் நுழைய, தோல் பெல்ட்டைக் கழற்றி வெளியே வைக்க வேண்டியிருந்தது. முற்றத்தில் ஆமைகள் தம்பாட்டுக்கு ஊர்ந்தன. பன்னிரண்டு வயது நிரம்பாத ஒரு பையன்தான் அங்கே பூசாரி. ஒரு மாதம் முறை வைத்து இருப்பான், பிறகு பள்ளிக்கூடத்துக்குத் திரும்பிவிடுவான்.

டிசைனர் வீடு அங்கிருந்து நடக்கிற தூரம், இன்னொரு பழைய விகார முற்றத்தில். தரைத்தளத்தில் அப்பாவின் பட்டறை, நடு மாடியில் மகளின் பிரிண்டிங் டேபிள், உச்சி மாடியில் சமையலறை. நேவார் வீடுகளில் அடுப்பு எப்போதும் உச்சியில்தான்.

அப்பா சாக்கிய வகுப்பைச் சேர்ந்த சிற்பி. அவர் மடியில் ஒரு தாரா தேவி, தேன்மெழுகு நிலையில். மெழுகில் உருவம் செய்து, மண் பூசி, மெழுகை உருக்கி வெளியேற்றி, உலோகம் ஊற்றுகிற முறை. சுவாமிமலையிலும் இப்படித்தான் செய்வார்கள், ஆனால் கெட்டியாக வார்ப்பார்கள் என்றேன். பெரியவர் நிமிர்ந்து பார்த்தார். இங்கே உள்ளே கூடாகத்தான் வார்க்கிறார்கள்.

“உள்ளே இடமே இல்லாவிட்டால் மந்திரத்தை எங்கே வைப்பீர்கள்?”

சிலையின் வயிற்றுக்குள் மந்திரம் எழுதிய சுருளை நிரப்பி, அடியில் தகடு போட்டு மூடிய பிறகுதான் அது தெய்வம். அதுவரை வெறும் செம்பு. எங்கள் ஊரில் பீடத்துக்கு அடியில் யந்திரத் தகடு வைப்பார்கள் என்று சொன்னதும் சமாதானமானார். “அப்படியானால் சரி. பீடத்தில் இருந்தாலும் போதும்.”

மகளுக்கு முப்பது வயதிருக்கும். படிகளில் இறங்கி வரும்போதே கையெல்லாம் மஞ்சள். மேலே கூட்டிப்போய்த் துணியை எடுத்துப் போட்டார். பழுப்பேறாத வெள்ளை காட்டன், நல்ல கனம். மார்பில் பூமியைத் தொட்டபடி அமர்ந்திருக்கும் புத்தர், மெல்லிய காவி நிறத்தில். தலையைச் சுற்றி மஞ்சள் ஒளிவட்டம். புத்தருக்கு அடியில் தாமரைப் பீடம், அது மட்டும் நூல் வேலை. வழக்கம்போல உள்பக்கம் திருப்பிப் பார்த்தேன். பிறகு கட்டைவிரலால் அச்சைத் தேய்த்தேன். விரலில் காவி ஒட்டியது.

“கியூரிங் பண்ணவில்லையா?”

“பண்ணுவதில்லை. பைண்டரும் பாதிதான் போடுகிறேன். நிழலில் உலர்த்துவதோடு சரி.”

பனியனில் பிக்மெண்ட் அச்சு நிற்க வேண்டுமானால் பைண்டர் என்ற பசையோடு கலந்து அடித்து, பிறகு 150 டிகிரி சூட்டில் சில நிமிடம் ஓடவிட வேண்டும். அப்போதுதான் பசை இறுகிச் சாயத்தைப் பிடித்துக்கொள்ளும். துவைத்தால் சாயம் போகிறதா என்று லேபில் சோதித்து ஒன்றிலிருந்து ஐந்து வரை மார்க் போடுவார்கள். நாலுக்குக் கீழே வந்தால் பையர் சரக்கைத் தொடமாட்டார். இந்தப் பெண் கணக்குப்போட்டு ஒன்று வாங்க உழைத்துக்கொண்டிருந்தார்.

எல்லாம் அப்பாவோடு வந்த சண்டையில் தொடங்கியதாம். கல்லூரி முடித்த புதிதில் மற்றவர்களைப் போலவே புத்தர் முகத்தை அழுத்தமாக அச்சடித்து விற்றிருக்கிறார். அப்பா ஒன்றும் சொல்லவில்லை. ஒருநாள், மாடிப்படி துடைக்க அம்மா வைத்திருந்த துணியை அவர் கொண்டுவந்து மகள் முன்னால் விரித்தார். பழைய பனியன், கிழிந்த கழுத்து, நடுவில் கொஞ்சமும் கலையாத புத்தர் முகம். அதன் மேல் அழுக்கு.

எனக்கு அந்தத் துணி கண்ணில் தெரிந்தது. எங்கள் ஊரில் பனியன் வேஸ்ட் என்றே ஒரு வியாபாரம் இருக்கிறது. கட்டிங்கில் விழுந்ததும் கழித்துப்போட்டதும் மூட்டை மூட்டையாக ஒர்க்‌ஷாப்புகளுக்குப் போய், ஆயில் துடைத்து, குப்பைக்குப் போகும். எந்தப் பனியனுக்கும் கடைசி வேலை துடைப்பதுதான். அதற்குள் நல்ல அச்சு என்று நாங்கள் கொண்டாடுவது அழியாமல் இருந்துவிட்டால் என்ன செய்வது என்று எந்தக் கம்பெனியிலும் யாரும் யோசித்திருக்க மாட்டார்கள்.

இவர் யோசித்தார். துணி கந்தலாகும் முன்பே புத்தர் போய்விட வேண்டும். ஒளிவட்டத்துக்குச் சமையல் மஞ்சளையே கரைத்தார். வேட்டியில் பட்ட மஞ்சள் கறை வெயிலில் காய்ந்தால் மறைவது நமக்குத் தெரியாததா? முதலில் அந்த ஒளிவட்டம் போகும். பிறகு ஒவ்வொரு துவைப்பிலும் காவி கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும். முகம், தோள், தரையைத் தொடும் விரல் என்று எல்லாம் போன பிறகு மிஞ்சுவது தமேல் மெஷின்காரர் தைத்த பீடம் மட்டும். வாங்குபவருக்கு இதை விளக்கி ஒரு சீட்டும் தருகிறார். அது இல்லையென்றால் எங்கள் ஊர்க்காரன் பார்வையில் இது சுத்தமான மோசடி. சீட்டு இருந்தும் சண்டைக்கு வருகிறவர்கள் உண்டாம். சோப்பு பட்டதும் மஞ்சள் சிவப்பாகிவிட, ரத்தம் என்று பயந்துபோய் ஒரு வாடிக்கையாளர் போன் செய்திருக்கிறார்.

“அப்பாவுக்குத் திருப்தியா?”

“இந்தப் புத்தரை வரைந்ததே அவர்தான். அழிந்துவிடும் என்று நிரூபித்த பிறகு பென்சிலை எடுத்தார்.”

அளவில் மட்டும் பெரியவர் விட்டுக்கொடுக்கவில்லை. முகத்தின் நீளத்தை ஒரு தாலம் என்று வைத்து, அதைப் பன்னிரண்டு விரற்கடையாகப் பிரித்து, அந்தக் கணக்கில்தான் உடம்பு முழுக்க வளர வேண்டும். மாமல்லபுரத்து ஸ்தபதியிடம் கேட்டாலும் இதே தாலக் கணக்கைத்தான் சொல்வார். பத்து இருபது துவைப்பில் போய்விடப்போகும் உருவத்துக்கு விரற்கடை பிசகாமல் கட்டம் போட்டுக் கொடுத்திருக்கிறார் மனிதர்.

வெறும் பீடம் மகள் தானாகக் கண்டுபிடித்ததல்ல. ஆரம்பகாலப் பௌத்தச் சிற்பிகள் புத்தரை மனித உருவில் செதுக்கவில்லை. சாஞ்சியிலும் பர்ஹூத்திலும் ஆளில்லாத ஆசனம், போதிமரம், சக்கரம், பாதச்சுவடு, இவ்வளவுதான். அந்தப் படங்களைச் சுவரில் ஒட்டி வைத்திருந்தார். சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருக்கும் அமராவதிக் கற்களைப் பற்றிச் சொன்னேன். மணிமேகலைக் கதையையும் சொன்னேன். மணிபல்லவத் தீவில் அவள் காண்பது புத்தரை அல்ல, புத்தரின் பாத பீடிகையை. அதை வணங்கியதும் முற்பிறப்பு தெரிந்துவிடுகிறது. தமிழில் ஒரு பௌத்தக் காப்பியம் இருப்பதே அவருக்குப் புதிது. பென்சிலை எடுத்து, பீடிகை எப்படி இருக்கும், எத்தனை மூலை, யார் வைத்தது என்று கேட்டுத் துளைத்தார். இந்திரன் வைத்தது என்று மட்டும் சொல்ல முடிந்தது.

வேறு டிசைன்களும் இருந்தன. வாழ்க்கைச் சக்கரத்தின் நடுவில் வரும் பன்றி, பாம்பு, சேவல்: ஒன்றன் வாலை ஒன்று கவ்விச் சுற்றுபவை, அறியாமைக்கும் வெறுப்புக்கும் ஆசைக்கும் அடையாளம். அந்தப் பனியனைக் கோழிப்பண்ணைக்காரர் ஒருவர் வேலையாட்களுக்கு யூனிஃபார்மாகக் கேட்டாராம். ஆடும் எலும்புக்கூட்டு ஜோடியான சிதிபதி இன்னொன்று. அது மெட்டல் இசைப் பையன்களிடம் பிய்த்துக்கொண்டு போகிறது. இவற்றையெல்லாம் நன்றாகக் கியூரிங் பண்ணித்தான் விற்கிறார். ஆசையும் வெறுப்பும் அழியாவிட்டால் பரவாயில்லையா என்று கேட்டதற்கு, “அதுதான் சீக்கிரம் அழிவதில்லையே” என்றார்.

உச்சி மாடியில் அம்மா சாப்பாடு வைத்தார். இலைத்தட்டில் அவல், கருப்பு சோயா, இஞ்சி, ஊறுகாய், நெருப்பில் வாட்டி மசாலா பிசைந்த எருமைக்கறி. பக்கத்தில் சூடாக பாரா: உளுந்தை அரைத்துத் தட்டையாகக் கல்லில் சுடுவது. முதல் வாயிலேயே இது யார் வீட்டுச் சமையல் என்று நாக்கு தடுமாறியது. நீண்ட மூக்குப் பித்தளைக் கெண்டியை உயரத் தூக்கி, ஒரு சொட்டுச் சிந்தாமல் சின்ன மண்கிண்ணத்தில் ஐலா என்ற வீட்டுச் சாராயத்தை ஊற்றினார். பெரியவர் இரண்டு கிண்ணம் குடித்ததும், குப்லாய் கான் அரசவைக்குப் போன பாடன் சிற்பி அரனிகோவின் கதையைத் தொடங்கிவிட்டார். 1260-ல், பதினாறு பதினேழு வயதில், எண்பது கலைஞர்களுக்குத் தலைவனாகத் திபெத்துக்குப் போன பையன். பெய்ஜிங்கில் இன்றைக்கும் நிற்கும் வெள்ளை ஸ்தூபி அவன் கட்டியது. “எக்ஸ்போர்ட் ஆர்டர்” என்று மகள் மெதுவாகச் சொல்ல, அவர் காதில் விழாத மாதிரி இருந்துகொண்டார்.

பௌத்தா

பௌத்தநாத் ஸ்தூபியை டிசைனரே கூட்டிப்போய்க் காட்டினார். முப்பத்தாறு மீட்டர் உயரம். 2015 நிலநடுக்கத்தில் உச்சி விரிசல்விட்டு, பழுது பார்த்து 2016 நவம்பரில் திறந்தார்கள். 1959-க்குப் பிறகு வந்த திபெத்திய அகதிகளால் சுற்றுவட்டாரமே சின்ன லாசாவாக மாறியிருக்கிறது. எல்லோரும் வலமாகவே நடக்கிறார்கள். எதிரே வந்த ஒரு வெளிநாட்டுக்காரரைப் பாட்டி ஒருவர் தோளைப் பிடித்துத் திருப்பிவிட்டார்.

நாங்கள் போன நேரம் குவிமாடத்தின் மேல் இரண்டு ஆட்கள் வாளியோடு நின்றிருந்தார்கள். சுண்ணாம்பு அடித்த வெள்ளைப் பரப்பில் மஞ்சள் நீரை ஓங்கி வீசினார்கள். விசிறிய நீர் வில்லாக வளைந்து விழுந்து, ஒரு தாமரை இதழாகப் பதிந்தது. மறு வாளியில் பக்கத்து இதழ். சம்பிரதாயப்படி அது குங்குமப்பூ கரைத்த நீர், யாராவது ஒரு பக்தரின் காணிக்கை. மழையில் கரையும், மறுபடி சுண்ணாம்பு, மறுபடி மஞ்சள். சின்ன வயதிலிருந்து பார்த்தும் பனியனுக்கு இது தோன்றப் பத்து வருடம் ஆயிற்று என்றார்.

இருந்தாலும் எனக்கு ஒரு உறுத்தல் இருந்தது. ஸ்தூபிக்கு மஞ்சள் வீசுபவர் அதைக் காணிக்கையாக வீசுகிறார். பனியன் விற்பனைக்கு, அதுவும் தமேல் விலையைப்போல மூன்று மடங்கு விலை. நிலையாமையைக் கட்டணம் வைத்து விற்பதாகாதா? கேட்டேவிட்டேன். அவர் கோபப்படவில்லை. “அப்பாவின் தாராவுக்கு விலை தெரியுமா? அதைப் பார்த்தால் என் பனியன் இலவசம்.” பதில் முழுசாகச் சரியாகப் படவில்லை, ஆனால் மறுக்கவும் வரவில்லை.

சந்துக்குள் லாஃபிங் கடை. பாசிப்பயறு மாவில் செய்த வழவழப்பான குளிர்ந்த நூடுல்ஸ், மேலே மிளகாய் எண்ணெய். பரிமாறிய பையன் போட்டிருந்தது இவருடைய பழைய பனியன். ஒளிவட்டம் இருந்த இடம் வெறும் வெள்ளை. முகம் போயிருந்தது. இடது தோளின் சாயல் மட்டும் வெளிச்சத்தில் திரும்பும்போது தெரிந்தது. பீடம் புத்தம் புதிதாக இருந்தது.

“இனி பைக் துடைக்கலாம் என்று அக்கா சொல்லிவிட்டார்” என்றான். “ஆனால் மனசு வரவில்லை.”

“அப்படியானால் என் வேலை இன்னும் முடியவில்லை” என்றார் அக்கா, மிளகாயில் கண் கலங்கியபடி.

நமோபுத்தா

நமோபுத்தா காத்மாண்டுவிலிருந்து நாற்பது கிலோமீட்டர் அளவில் இருக்கிறது. டிசைனரோடு நான் போன நெடுஞ்சாலைக்கு அரனிகோவின் பெயரையே வைத்திருக்கிறார்கள். பனேபா தாண்டியதும் தூசி அடங்கி, துலிகேல் பக்கம் பனிமலை வரிசை எழுந்தது. கீழே படிப்படியாக இறங்கும் வயல்களில் அறுப்பு நடந்துகொண்டிருந்தது.

பசியால் குட்டிகளையே தின்னவிருந்த புலிக்கு இளவரசன் ஒருவன் தன் உடம்பைக் கொடுத்ததாகச் சொல்லும் ஜாதகக் கதை நடந்த இடமாக இந்த மலையைக் கும்பிடுகிறார்கள். ஸ்தூபி சின்னது, சுற்றிக் கடைகளும் வீடுகளும். மேலே ஏறினால் அந்தக் கதையைச் செதுக்கிய ஒரு கல், அதில் அப்பிய குங்குமம். மலை முழுக்கக் கொடிகள்: நீலம், வெள்ளை, சிவப்பு, பச்சை, மஞ்சள் என்ற அதே வரிசையில். மரக்கட்டையில் செதுக்கித் துணியில் ஒற்றி எடுத்த மந்திரங்கள். காற்று மந்திரத்தைக் கொண்டுபோவதாக நம்பிக்கை. வெளுக்க வெளுக்க நல்லது. கந்தலானதைத் தரையில் போடமாட்டார்கள், எரித்துவிடுவார்கள். கொடிகளில் சில இன்று பாலியஸ்டரில் வருகின்றன, வெளுப்பதும் இல்லை, மட்குவதும் இல்லை. டிசைனர் அப்படி ஒன்றைக் கையில் பிடித்து முகத்தைச் சுளித்தார். துணிக்காரியின் சுளிப்பு அது.

அவருக்கு என்னிடம் ஒரு காரியம் இருந்தது. நல்ல காட்டன் துணி தொடர்ந்து கிடைப்பதில்லை. முடிந்தால் அச்சையும் திருப்பூரிலேயே போட்டு வாங்கலாமா? அங்கேயே நின்று, பிரிண்டிங் யூனிட் வைத்திருக்கும் என் மச்சானுக்குப் போன் போட்டேன். விஷயத்தைச் சொல்லி முடிப்பதற்குள் சிரிப்பு.

“ஏனுங் மாப்பிள்ளை, மலைக்காத்து மண்டைக்கு ஏறிருச்சுங்களா? சாயம் போகுதுன்னு போன மாசம்தான் ஒரு ஷிப்மெண்ட்டுக்கு க்ளெய்ம் கட்டியிருக்கேன்.”

“இது போகணும் மச்சான். போனாத்தான் பாஸ்.”

கொஞ்ச நேரம் பேச்சில்லை. தொழில்காரன் மூளை வேலை செய்வது தெரிந்தது.

“எத்தனை வாஷ்ல போகோணும்? அதைக் கேட்டுச் சொல்லுங்க. போகாம பண்றது சுலபமுங்க. எல்லா பீஸும் ஒரே மாதிரி போறாப்பல பண்றதுதான் ரோதனை. பைண்டர் பெர்சன்டேஜ் புடிக்கவே பத்து சாம்பிள் போட்டுப் பாக்கோணும்.”

மொழிபெயர்த்தேன். அவர் தலையை ஆட்டினார். ஒரே மாதிரி போக வேண்டாமாம். வெயிலில் திரிகிறவருக்குச் சீக்கிரம், நிழலில் இருப்பவருக்கு மெதுவாக, வியர்க்கிறவருக்கு ஒரு விதம், கையால் துவைப்பவருக்கு ஒரு விதம். அவரவர் போடுவதைப் பொறுத்துப் போகட்டும்.

அதை அப்படியே மச்சானிடம் சொன்னேன்.

“அப்புறம் அதுக்கு நான் எதுக்குங்க? துணியை மட்டும் வெட்டி அனுப்பறேன். எத்தனை கிலோ வேணும்னு கேளுங்க.”